பாலாடை போல உரியும் கருவிழி

காய்ச்சிய பாலை இறக்கி வைத்தால் ஆற ஆற மேலே ஆடை படியும். விரல் நுனியால் ஓர் ஓரத்தைத் தூக்கினால் முழுசாக வரும், அவசரப்பட்டால் கிழிந்துபோகும். திருவனந்தபுரம் பூஜப்புரையில் உள்ள ஓர் ஆய்வகத்தில் கருவிழியின் செல்களை எடுத்த விதமும் ஏறத்தாழ இதுதான். தட்டு 37 டிகிரி வெப்பத்தில் இருக்கும்வரை செல்கள் அதன் அடியில் ஒட்டிக்கொண்டு, பெருகி, ஒன்றையொன்று தொட்டுப் பரவும். தட்டைக் குளிரவைத்தால் பிடி விட்டுவிடும். ஒரே செல் கனமுள்ள மெல்லிய தாள் ஒன்று, ஓட்டை விழாமல், தானாக உரிந்து மிதக்கும்.

நாகர்கோவில் பேருந்தில் வருகிறவர்களுக்குப் பூஜப்புரை அந்நியமான இடமல்ல. பாலராமபுரமும் பாப்பனங்கோடும் கழிந்து, கரமனை ஆற்றுப் பாலத்தில் வண்டி ஏறினால் நகரம் வந்துவிட்டது என்று பொருள். கரமனையிலிருந்து பிரியும் சாலையில் சற்றே போனால் பூஜப்புரை. நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து புறப்படும் சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் கரமனை வழியாகத்தான் நகருக்குள் வருகிறார்கள். விஜயதசமியன்று குமாரசுவாமி வெள்ளிக் குதிரையில் எழுந்தருளுவது பூஜப்புரைக்கு. சாமி வரும் அதே சாலையில் நோயாளிகளும் வருகிறார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் கண்ணில் கோளாறு என்றால் சிலர் திருநெல்வேலிக்குப் பேருந்து ஏறுவார்கள், சிலர் திருவனந்தபுரத்துக்கு. அங்கே அறுவை முடிந்து கறுப்புக் கண்ணாடி போட்டுப் பேருந்தில் திரும்புகிறவர்கள் பெரும்பாலும் கரமனைப் பாலத்தைக் கடந்துதான் ஊர் சேர்வார்கள்.

அந்தப் பாலத்துக்கு மிக அருகில், கண் நோய்களைக் கண்ணுக்கு வெளியே வைத்துப் படிக்கும் முயற்சி பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. உள்ளூர்க்காரர்களில் பலருக்கே இது தெரியாது. தெரியாமல் இருப்பதில் குற்றமில்லை. ஆனால் ஆய்வகத்துக்கும் கண் மருத்துவமனையின் வெளிநோயாளி வரிசைக்கும் நடுவில் வழக்கமான போக்குவரத்து இருந்தாக வேண்டும். ஆய்வகத் தட்டில் வளர்வது யாருடைய கண் என்ற கேள்வி இந்தத் துறையின் மையமான கேள்வி. அதற்கான பதில் ஆய்வகத்தில் கிடைக்காது, அந்த வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறது.

பூஜப்புரையில் சேட்டல்மண்ட் அரண்மனை என்று ஒன்று உண்டு. திருவிதாங்கூரை 1924 முதல் 1931 வரை ஆட்சிப் பொறுப்பேற்று நடத்திய மகாராணி சேது லட்சுமி பாயி வாழ்ந்த மாளிகை. இன்று அது ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தின் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு. டாக்டர் எம்.எஸ். வலியத்தான் காலத்தில் இந்தியாவின் முதல் செயற்கை இதய வால்வு உருவானது இந்த வளாகத்தில்தான். வடிவமைத்த மாதிரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்று, கடைசியில் தேறிய வடிவம் 1990 டிசம்பர் 6 அன்று முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. தோல்வியைச் சகித்துக்கொண்டு பத்தாண்டுக்கு மேல் ஒரே பொருளின் பின்னால் நடக்கத் தெரிந்த இடம் என்பதற்காக இந்தக் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கண் விஷயத்திலும் அந்தப் பொறுமை தேவைப்படும்.

குளிர்ந்தால் பிடி விடும் தட்டு என்ற யோசனை ஜப்பானிலிருந்து வந்தது. டோக்கியோவின் தெருவோ ஒகானோ, என்-ஐசோபுரோப்பில் அக்ரிலமைடு என்ற பாலிமரை வளர்ப்புத் தட்டில் பூசினார். 32 டிகிரியை ஒட்டிய வெப்பத்துக்கு மேலே அது தண்ணீரை ஒதுக்கும். செல்களுக்கு உட்கார இடம் கிடைக்கும். அதற்குக் கீழே தண்ணீரை உறிஞ்சி உப்பும், செல்கள் நழுவிவிடும். வழக்கமான முறையில் நொதி ஊற்றித்தான் செல்களைப் பிரித்தெடுப்பார்கள். அப்போது செல்லுக்கும் செல்லுக்கும் இடையிலுள்ள பிணைப்புகள் அறுந்து, தாளுக்குப் பதிலாகத் தூள்தான் கையில் மிஞ்சும். ஸ்ரீசித்திரையில் டி.வி. குமாரி, பி.ஆர். அனில்குமார் குழுவினர் இந்தப் பாலிமரோடு கிளிசிடைல் மெத்தாக்ரிலேட்டைச் சேர்த்துத் தங்களுக்கென ஒரு பூச்சைச் செய்தார்கள். அதன்மேல் முயலின் கருவிழி உட்படலச் செல்களை வளர்த்துத் தாளாக உரித்தெடுத்ததை 2014-ல் வெளியிட்டார்கள். 

ஏன் குறிப்பாக அந்த உட்படலம்? கருவிழி என்பது அரை மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு ஜன்னல். அது தெளிவாக இருப்பதற்குக் காரணம், உட்புறத்தில் ஒரே வரிசையாக நிற்கும் இந்தச் செல்கள். இரவும் பகலும் தண்ணீரை வெளியே இறைத்துக்கொண்டிருப்பதுதான் அவற்றின் வேலை. மனிதரில் இவை பிறந்தபின் பெருகுவதில்லை. வயதாக ஆக எண்ணிக்கை குறையும். நோயிலோ அறுவையின் சிக்கலிலோ மேலும் அழியும். ஓர் எல்லைக்குக் கீழே போனால் இறைப்பு நின்று, ஜன்னலில் நீர் கோத்துப் புகைபடியும். பிறகு இறந்தவர் ஒருவரின் கருவிழிதான் கதி. அதனால் இந்தச் செல்லைத் தட்டில் உயிரோடு வைத்திருப்பதே இரட்டை வேலை செய்யும். இன்று நோயைப் படிக்கும் மாதிரி; நாளை ஒருவேளை மாற்றுத் திசு. ஜப்பானில் ஷிகேரு கினோஷிட்டாவின் கியோத்தோ குழு, வளர்த்த உட்படலச் செல்களை ஊசிவழியே 11 நோயாளிகளின் கண்ணுக்குள் செலுத்திப் பலன் கண்டதாக 2018-ல் அறிவித்தது. பூஜப்புரைக் குழுவோ 2020-ல் இன்னொரு திசையில் போனது. முயலின் கொழுப்புத் திசுவிலிருந்து எடுத்த குருத்தணுக்களை (ஸ்டெம் செல்களை)க் கருவிழியின் மேற்புறச் செல்களாக மாற்றித் தாள் செய்து, முயலின் கண்ணிலேயே பொருத்திப் பார்த்தது.

பூஜப்புரையில் எல்லாம் முயல். அதைக் குறையாகச் சொல்லவில்லை. இந்தத் துறையின் பாதையே முயல் வழியாகத்தான் வந்தது.

அந்த முயலுக்கு ஒரு சோகக் கதையும் உண்டு. 1944-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தைச் சேர்ந்த ஜான் டிரெய்ஸ் ஒரு சோதனையை வகுத்தார். ஷாம்பூவோ மையோ எதுவானாலும் முயலின் கண்ணில் விட்டு, சிவக்கிறதா, வீங்குகிறதா, புண்ணாகிறதா என்று மதிப்பெண் போடுவது. அரை நூற்றாண்டுக்கு மேல் உலகின் அழகுசாதனங்கள் பல இப்படித்தான் கடைக்கு வந்தன. முயலுக்கு மூன்றாவது இமை உண்டு, மனிதரைப்போல அடிக்கடி இமைக்காது, கண்ணீரும் குறைவு. மனிதக் கண்ணுக்கு அது ஓர் உத்தேசமான பதிலிதான். இன்று மனிதச் செல்களால் கட்டிய கருவிழி மேல்திசுவில் அந்தச் சோதனையைச் செய்யும் முறைகளைப் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான அமைப்பு (ஓஇசிடி) ஏற்று, விதியாகவே எழுதிவைத்திருக்கிறது. இந்தியா 2014-ல் அழகுசாதனங்களுக்கான விலங்குச் சோதனையைத் தடைசெய்தது. ஆய்வகத் திசு முழுசாக வென்ற இடம் எது என்று கேட்டால், இதைத்தான் முதலில் காட்ட வேண்டும். மருந்தைவிட மைக்கு முதலில் விடிந்தது என்பது வேடிக்கைதான்.

மேற்புறத்தில் இருக்கும் கருவிழியோடு ஒப்பிட்டால் உள்ளே கிடக்கும் விழித்திரை வேறு சாதி. ஈரலில் சந்தேகம் என்றால் ஊசி விட்டுச் சிறு துண்டு எடுத்துப் பார்க்கலாம். தோலில் என்றால் இன்னும் எளிது. உயிரோடு இருப்பவரின் விழித்திரையில் அப்படித் துண்டு வெட்டி எடுத்து நோயைத் தேடுவது நடைமுறையில்லை. வெட்டிய இடம் திரும்ப வளராது. வெளியிலிருந்து படம் பிடிக்கலாம், மின்சமிக்ஞை அளக்கலாம், செல்லுக்குள் என்ன பழுது என்று தொட்டுப் பார்க்க வழியில்லை. எலியை நாடினால், எழுத்துப் படிக்கவும் முகம் அறியவும் உதவும் மையப்புள்ளி எலியின் விழித்திரையில் கிடையாது. மையப்புள்ளி நோயை, மையப்புள்ளியே இல்லாத கண்ணில் எப்படித் தேடுவது?

இந்த முட்டுச்சந்தை உடைத்தவர்கள் இரண்டு ஜப்பானியர்கள். ஷின்யா யமனாகா 2006-ல் எலியின் செல்களையும் 2007-ல் மனிதத் தோல் செல்களையும் பின்னோக்கி ஓட்டி, எதுவாகவும் மாறக்கூடிய பன்திறன் குருத்தணுவாக ஆக்கினார். 2012-ல் நோபல் பரிசு பெற்றார். யோஷிகி சசாய் 2011-ல் எலியின் கருக் குருத்தணுக்களைத் தட்டில் மிதக்கவிட்டபோது, அவை யாரும் சொல்லாமலே உருண்டு, ஒரு பக்கம் உள்வாங்கி, கருவில் கண் உருவாகும்போது தோன்றும் கிண்ண வடிவத்தை எடுத்தன. மறு ஆண்டு மனிதச் செல்களிலும் அதையே காட்டினார். கண் எப்படி ஆக வேண்டும் என்ற குறிப்பு செல்லுக்குள்ளேயே எழுதியிருக்கிறது என்பதை அந்தக் கிண்ணம் உலகுக்குச் சொன்னது. சசாய் 2014-ல், வேறொரு ஆய்வு முறைகேட்டுச் சர்ச்சையின் நிழலில், தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் விட்டுச்சென்ற கிண்ணத்துக்கு இன்று ஆர்கனாய்டு என்று பெயர்.

ஆர்கனாய்டு எதற்கு உதவும் என்பதற்கு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஜான்ஸ்டன் குழு 2018-ல் செய்த சோதனை நல்ல சான்று. மனித விழித்திரையில் நீலம் காணும் கூம்புச் செல்கள் முதலிலும், சிவப்பும் பச்சையும் காணும் கூம்புகள் பிறகும் வருகின்றன. எந்தக் கூம்பு எந்த வகையாக வேண்டும் என்பதை எது முடிவுசெய்கிறது? தைராய்டு ஹார்மோன். ஆர்கனாய்டில் அந்த ஹார்மோனின் வேலையைத் தடுத்தால் எல்லாம் நீலம். சீக்கிரமே அதிகமாகக் கொடுத்தால் சிவப்பும் பச்சையும். கருவிலிருக்கும் குழந்தையிடம் இதை யாரும் சோதித்துப் பார்த்திருக்க முடியாது. எலிக்குச் சிவப்பு பச்சை வேறுபாடு மனிதரைப்போல இல்லாததால் அங்கும் பதில் கிடைத்திருக்காது. மாதக்கணக்கில் தட்டுக்கு முன் உட்கார்ந்திருந்ததால் கிடைத்த விடை இது.

இந்தியாவில் இந்த வேலைக்கு ஹைதராபாத்தான் தலைநகர். ‘மனோகரா’ படத்தை இயக்கிய எல்.வி. பிரசாத்தின் பெயரைத் தாங்கிய கண் மருத்துவ நிறுவனத்தில், இந்துமதி மாரியப்பனின் குழு மனிதக் குருத்தணுவிலிருந்து குட்டிக் கருவிழிகளை வளர்த்ததை 2017-ல் வெளியிட்டது. பூஜப்புரையிலும் இதற்கு ஒரு கிளை உண்டு. ராஜீவ் காந்தி உயிரித்தொழில்நுட்ப மையத்தில் ஜாக்சன் ஜேம்ஸ் குழு, கருக் குருத்தணுவிலிருந்து விழித்திரையின் நரம்புச் செல்களைப் போன்றவற்றை உருவாக்குவது குறித்து 2009-லேயே எழுதியது. கண்ணிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் செல்கள் அவை. கிளாக்கோமாவில் சாகிறவையும் அவையே. அந்தச் செல்களை இழந்த எலிகளின் கண்ணில், தட்டில் வளர்த்த நரம்பு முன்னோடிச் செல்களைச் செலுத்தியபோது பார்வைத் திறன் மேம்பட்டதாக 2017-ல் இதே குழு காட்டியது. இந்தியாவில் 40 வயதைத் தாண்டியவர்களில் 1.12 கோடிப் பேருக்குக் கிளாக்கோமா இருக்கலாம் என்று 2010-ல் ஒரு மதிப்பீடு வந்தது. எலியின் கண்ணுக்கும் இந்த ஒரு கோடிக்கும் நடுவே இன்னும் நெடுந்தூரம் கிடக்கிறது.

அந்தத் தூரத்தைச் சற்றுக் குறைக்கும் ஒரு காரியம் மதுரையில் நடக்கிறது. ஆர்கனாய்டு அளவுக்குப் புகழ் அதற்கு இல்லை. பார்க்கக் கொஞ்சம் பழைய பாணியாகவும் தோன்றும்.

கண் தானமாக வரும் எல்லாக் கண்களும் இன்னொருவருக்குப் பொருத்தத் தகுதியானவையல்ல. வயது, நேரம் கடந்தது, செல் எண்ணிக்கை குறைவு என்று பல காரணங்களால் கணிசமான பங்கு ஒதுக்கப்படும். அரவிந்த் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் எஸ். செந்தில்குமாரி குழுவினர் அப்படி ஒதுக்கப்பட்ட கண்களை வாங்கிக்கொள்கிறார்கள். கண்ணின் முன்பாதியை மட்டும் வெட்டியெடுத்து, சிறப்பாகச் செய்த தட்டில் விளிம்பை இறுக்கிப் பொருத்தி, ஊட்டத் திரவத்தை நிமிடத்துக்கு 2.5 மைக்ரோலிட்டர் வேகத்தில் உள்ளே செலுத்துகிறார்கள். உயிருள்ள கண்ணில் திரவம் ஊறும் வேகமும் ஏறத்தாழ இதுதான். வெளியேறும் வடிகால் அடைபட்டால், கிளாக்கோமாவில் பெரும்பாலும் நடப்பதுபோல, அழுத்தம் ஏறும்; ஏறியதை மானி காட்டும். இறந்தவரின் கண் இப்படி நாள்கணக்கில் வேலை செய்கிறது. ஒரே மனிதரின் இரண்டு கண்களில் ஒன்றுக்கு ஸ்டீராய்டு மருந்து, மற்றதற்கு மருந்தில்லாத திரவம். மரபணு, வயது, வாழ்ந்த வாழ்க்கை எல்லாம் இரண்டுக்கும் பொது. இதைவிட நேர்மையான ஒப்பீடு கிடைப்பது கடினம்.

ஸ்டீராய்டு எதற்கு? கண் அரிப்பு, சிவப்பு என்றவுடன் மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கி மாதக்கணக்கில் விட்டுக்கொள்ளும் சொட்டு மருந்துகளில் பல ஸ்டீராய்டு கலந்தவை. மனிதர்களில் மூவரில் ஒருவருக்கு, அல்லது சற்று அதிகம் பேருக்கு, அவற்றால் கண் அழுத்தம் ஏறும். சிலருக்கு வலியே தெரியாமல் நரம்பு போய்விடும். யாருக்கு ஏறும், யாருக்கு ஏறாது என்பதை முன்கூட்டிச் சொல்ல இன்னும் முடியவில்லை. அந்த வேறுபாட்டின் வேரைத் தேடித்தான் மதுரைக்காரர்கள் தமிழ்நாட்டுக் கண்களை இப்படி இயக்கிப் பார்க்கிறார்கள். 2021-ல் அந்த முடிவுகள் வெளியாயின. மருந்து விட்டவற்றில் சில கண்களில் அழுத்தம் ஏறியது, சிலவற்றில் ஏறவில்லை. உயிரோடு இருப்பவர்களிடம் காணும் அதே வேறுபாடு, தட்டிலும்.

ஆர்கனாய்டு என்றதும் அறிவிப்புகளும் படங்களும் பறக்கும் காலத்தில், இந்த எளிய ஏற்பாட்டுக்கு இன்னும் அதிக மரியாதை கிடைக்க வேண்டும். குருத்தணுவிலிருந்து செய்யும் விழித்திரைக்குப் பல பற்றாக்குறைகள் உண்டு. அதில் இரத்தக் குழாய் இல்லை. உள்ளே நடுப்பகுதிச் செல்களுக்கு உணவு எட்டாமல் அவை சாகும். ஒளி உணரும் செல்கள் முதிர 200 நாளுக்கு மேல் ஆகும். அதுவரை ஒருவர் நாள் தவறாமல் கவனிக்க வேண்டும். வளர்ப்புக் கலவைகளில் பெரும்பாலானவை வெளிநாட்டிலிருந்து வருகின்றன. மருத்துவ நோக்கிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) தேசிய ஆய்வு 2023-ல் காட்டியபடி கேரளத்தில் வயது வந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குச் சர்க்கரை நோய். ‘நயனாமிர்தம்’ என்ற பெயரில் குடும்ப சுகாதார மையங்களிலேயே விழித்திரையைப் படமெடுக்கும் திட்டத்தைக் கேரள அரசு முன்பே தொடங்கியதும் இந்த நோய்க்காகத்தான். சர்க்கரை விழித்திரையைக் கெடுப்பது இரத்தக் குழாய் வழியாக. இரத்தக் குழாயே இல்லாத ஆர்கனாய்டு அந்த நோய்க்கு என்ன பதில் சொல்லும்? அமெரிக்கத் தேசியக் கண் நிறுவனத்தில் கபில் பார்த்தி குழு 2022 டிசம்பரில் ஒரு வழி காட்டியது. விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் நிறமிப் படலத்தையும் அதற்கு இரத்தம் கொடுக்கும் நுண்குழாய்களையும் முப்பரிமாண அச்சில் அடுக்கி, வயது மூப்பால் வரும் மையப்புள்ளிச் சிதைவின் அறிகுறிகளை அதில் வரவழைத்தார்கள். கேரளத்தின் தேவைக்கு அந்தத் திசைதான் நெருக்கமானது.

தட்டில் வேலை செய்வது கண்ணிலும் வேலை செய்யும் என்று நம்பி ஏமாந்த கதைகளும் உண்டு. பிறவியிலேயே பார்வையைப் பறிக்கும் லெபர் நோயில், சிஇபி290 என்ற மரபணுவில் ஏற்படும் ஒரு குறிப்பிட்ட பிழைக்குச் செபோஃபார்சென் என்ற மருந்து தயாரானது. நோயாளியின் செல்களிலிருந்து வளர்த்த விழித்திரைகளில் அந்த அணுகுமுறை பிழையைத் திருத்தியது. முதல் கட்டத்தில் சிலருக்குப் பார்வையும் மேம்பட்டது. 2022 பிப்ரவரியில் பெரிய சோதனையின் முடிவு வந்தபோது முதன்மை இலக்கு எட்டப்படவில்லை. மதுரைக்கும் இப்படியொரு அனுபவம் இருக்கிறது. வயலில் வேலை செய்யும்போது இலையோ வைக்கோலோ குத்தி வரும் பூஞ்சைக் கருவிழிப் புண்ணுக்கு நேட்டாமைசின் பழைய மருந்து. வோரிகோனசோல் புதியது, கண்ணுக்குள் ஆழமாக ஊடுருவும் என்பதால் அதன்மேல் நம்பிக்கை அதிகம். அரவிந்த் மருத்துவமனைகளும் கலிஃபோர்னியாவின் பிராக்டர் நிறுவனமும் சேர்ந்து 323 நோயாளிகளிடம் நடத்திய சோதனையின் முடிவு 2013-ல் வந்தது. வென்றது பழைய நேட்டாமைசின். ஃபியூசேரியம் பூஞ்சையில் வேறுபாடு மிகத் தெளிவு. ஆய்வகக் கணக்கும் கண்ணின் கணக்கும் எப்போதும் ஒத்துப்போவதில்லை.

இந்த இடைவெளியை மறைத்துக் காசு பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். 2015-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் மையப்புள்ளிச் சிதைவு உள்ள மூன்று பெண்களுக்கு, அவர்களுடைய கொழுப்பிலிருந்து எடுத்த ‘குருத்தணு’ என்று சொல்லி இரண்டு கண்ணிலும் ஊசி போட்டார்கள். ஆளுக்கு 5000 டாலர் கட்டணம். மூவருக்கும் பார்வை போனது. இந்தியாவில் ஐசிஎம்ஆரும் உயிரித்தொழில்நுட்பத் துறையும் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டி, இரத்த நோய்களுக்கான ஏற்கெனவே நிறுவப்பட்ட சிகிச்சை தவிர, குருத்தணுவை ஆய்வுக்கு வெளியே சிகிச்சையாக விற்பதை ஏற்கவில்லை. மாலைக்கண்ணில் தொடங்கி மெல்ல மெல்லக் குழலுக்குள் பார்ப்பதுபோல் சுருங்கும் ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா உள்ளவரிடம் யாராவது குருத்தணு ஊசி என்று விலை சொன்னால், அவர் முதலில் கேட்க வேண்டியது பதிவுசெய்த ஆய்வின் எண்ணை.

திரும்பவும் அந்தக் கேள்விக்கு வரலாம்: தட்டில் வளர்வது யாருடைய கண்?

2009-ல் அரவிந்தின் பி. சுந்தரேசனும் பி. விஜயலட்சுமியும், அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வின் ஸ்டோனுடன் சேர்ந்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வட அமெரிக்காவில் லெபர் நோய்க்குப் பொதுவான காரணமாக இருக்கும் மரபணுப் பிழைகள் தென்னிந்தியக் குழந்தைகளிடம் அரிது என்பதே அதன் செய்தி. நோயின் பெயர் ஒன்று, பிழை வேறு. செபோஃபார்சென் வென்றிருந்தாலும் தென்னிந்தியக் குழந்தைகளில் மிகச் சிலருக்கே அது பயன்பட்டிருக்கும் என்று இதிலிருந்து ஊகிக்கலாம். மரபணுச் சிகிச்சையாக 2017-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லக்ஸ்டர்னா ஆர்பிஇ65 என்ற ஒரே மரபணுவுக்கானது. அறிமுகமானபோது அதன் விலை இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 8.5 லட்சம் டாலர். பரம்பரை விழித்திரை நோய்களோடு தொடர்புள்ள மரபணுக்கள் 250-க்கும் மேல். உலகம் எந்தப் பிழைக்கு மருந்து தேடுகிறது என்பதை, எந்த நோயாளியின் செல் ஆய்வகத்துக்குள் வந்தது என்பதுதான் பெருமளவு தீர்மானிக்கிறது.

அத்தை மகன், மாமன் மகள், அக்காள் மகள் என்று உறவுக்குள் கொடுத்து வாங்கிய சமூகங்கள் தெற்கில் நிறைய. அப்பா வழியிலும் அம்மா வழியிலும் ஒரே பிழை ஒரே குழந்தையிடம் வந்து சேர அங்கே வாய்ப்பு அதிகம். இதைப் பழியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே வீட்டில் மூன்று பிள்ளைகள், அதில் இருவருக்கு இரவில் கண் தெரியாது, ஒருவருக்குத் தெரியும் என்ற குடும்பம் ஆய்வாளருக்குக் கிடைப்பதற்கரிய ஒப்பீடு. பாதிக்கப்பட்டவரின் இரத்தத்திலிருந்து ஓர் ஆர்கனாய்டு, பாதிக்கப்படாத உடன்பிறப்பின் இரத்தத்திலிருந்து இன்னொன்று. மதுரையில் ஒருவரின் இரண்டு கண்களை ஒப்பிடுவதுபோல இங்கே ஒரு வீட்டின் இரண்டு பிள்ளைகளை ஒப்பிடலாம். அந்தக் குடும்பங்கள் இப்போதும் வெளிநோயாளிப் பிரிவுக்கு வந்துபோய்க்கொண்டுதான் இருக்கின்றன. நோயின் பெயரைச் சீட்டில் எழுதி, மருந்து இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டால், அவர்களோடு ஓர் ஆய்வும் வெளியே போய்விடுகிறது.

சட்டம் இப்போது இதற்குச் சாதகமாகவே நிற்கிறது. புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகள் தொடர்பான 2019-ஆம் ஆண்டு விதிகளை மத்திய அரசு 2023 மார்ச்சில் திருத்தி, விலங்குச் சோதனைக்கு மாற்றாகச் செல் அடிப்படையிலான முறைகள், ஆர்கனாய்டுகள், சில்லில் வைத்த உறுப்பு மாதிரிகள் ஆகியவற்றையும் ஏற்றது. அமெரிக்கா அதற்கு மூன்று மாதம் முன்புதான் இதே வகையான சட்டத்தை நிறைவேற்றியிருந்தது. கதவு திறந்தாகிவிட்டது, உள்ளே கொண்டுபோகப் பொருள் வேண்டும். இந்திய நோயாளிகளின் செல்களிலிருந்து செய்த மாதிரிகள் இல்லாமல் இந்த விதி இயங்கினால், வெளிநாட்டிலிருந்து வாங்கிய செல்லில் வெளிநாட்டு மருந்தைச் சோதிப்பதற்கே அது அதிகம் பயன்படும்.

கண் தானத்தின் பக்கமும் ஒரு காரியம் பாக்கியிருக்கிறது. 2015 முதல் 2019 வரை நடந்த தேசியப் பார்வையின்மை ஆய்வில், 50 வயதுக்கு உட்பட்டவர்களின் பார்வையின்மைக்கு முதல் காரணமாக வந்தது கருவிழி மங்கல். ஆகவே தானமாக வரும் கண் முதலில் மாற்று அறுவைக்குத்தான் போக வேண்டும். இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால் பொருத்த முடியாதது என்று ஒதுக்கிய கண்ணுக்கும் வேலை உண்டு என்பதை மதுரை காட்டிவிட்டது. ஹைதராபாத்தும் காட்டியது. எல்.வி. பிரசாத் நிறுவனம், ஐஐடி ஹைதராபாத், உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையமான சிசிஎம்பி ஆகிய மூன்றும் 2022 ஆகஸ்டில் அறிவித்த முப்பரிமாண அச்சுக் கருவிழியின் மூலப்பொருள், செல்களை நீக்கிய மனிதக் கருவிழித் திசுதான். அதைக் கூழாக்கி, குருத்தணு சேர்த்து, அச்சிட்டு, முயலின் கண்ணில் பொருத்தினார்கள். இறந்தவரின் வீட்டில் ஒப்புதல் வாங்கும்போது, பொருத்த முடியாவிட்டால் ஆய்வுக்குப் பயன்படுத்தலாமா என்ற ஒரு வரியைத் தெளிவான தமிழிலோ மலையாளத்திலோ கேட்டால் பெரும்பாலோர் மறுக்கமாட்டார்கள். இலங்கையில் டாக்டர் ஹட்சன் சில்வா 1961-ல் தொடங்கிய கண் தானச் சங்கம், உள்ளூர்த் தேவை போக மிஞ்சிய கருவிழிகளை 1964 முதலே வெளிநாடுகளுக்கு அனுப்பிவருகிறது. கொடுக்கும் மனம் தெற்காசியாவில் பஞ்சமில்லை. அதைக் கேட்கும் முறையில்தான் சோம்பல்.

செல் கொடுத்த குடும்பத்துக்கு என்ன திரும்பி வரும் என்பதையும் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். அவர்களுடைய செல்லிலிருந்து நாளை ஒரு நிறுவனம் மருந்து செய்து விற்றால், அந்த வீட்டுப் பிள்ளைக்கே அந்த விலை எட்டாமல் போனால், அது அநியாயம் என்று சொல்லச் சட்டப் புத்தகம் தேவையில்லை. மரபணுச் சோதனை முடிவைப் புரியும் மொழியில் சொல்வது, அடுத்த பிள்ளைக்கு வாய்ப்பு எவ்வளவு என்று விளக்குவது, சிகிச்சைச் சோதனை வந்தால் முதல் அழைப்பு. இவற்றுக்குப் பெரிய செலவில்லை. நோயாளியை மாதிரி கொடுத்தவர் என்ற நிலையிலிருந்து கூட்டாளி என்ற நிலைக்குக் கொண்டுவந்தால் அவர் பத்து வருஷம் கழித்தும் திரும்பி வருவார். விழித்திரை நோய் பத்து இருபது வருஷம் எடுத்துக்கொண்டுதான் முற்றுகிறது. தட்டில் தெரிந்தது கண்ணிலும் நடந்ததா என்று ஒப்பிட அந்தத் திரும்பி வருதல் இல்லாமல் வழியே இல்லை.

இதற்குப் புதிய கட்டடம் எதுவும் வேண்டாம். திருவனந்தபுரத்தில் அரசின் வட்டாரக் கண் மருத்துவ நிறுவனம் இருக்கிறது. செல்லைத் தாளாக உரிக்கத் தெரிந்தவர்கள் ஸ்ரீசித்திரையில் உண்டு, குருத்தணுவை நரம்பாக்கத் தெரிந்தவர்கள் ராஜீவ் காந்தி மையத்தில் உண்டு. நடுவில் வேண்டியது ஒரு செவிலியர், ஒப்புதல் படிவம், மூன்று தலைமுறைக்குக் குடும்ப மரம் வரைந்துகொள்ளப் பத்து நிமிடம், சில மில்லிலிட்டர் இரத்தம், அதை வைக்க ஒரு குளிர்பெட்டி. கண் மருத்துவமனையிலிருந்து பூஜப்புரைக்கு, தம்பானூர் நெரிசலையும் சேர்த்துக் கணக்குப் போட்டாலும், ஆட்டோவில் அரை மணி நேரம்.